மாலை மாட்டவேண்டிய கதவு

“சரியாத்தான் ஞாபகம் வச்சிருக்கேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கு, தம்பி. ஆனா மாடி அறை. ஜன்னலைத் திறந்தா கோயில் மணி தெரியும்,” என்றார் எவரார்தோ.

அதே நேரத்தில் ஒதிலியாவின் வாயிலிருந்து வேறு பதில் வந்துவிட்டது. “கீழ் அறை. முற்றத்துல, ஆரஞ்சு மரத்தை ஒட்டி.”

விடுதிக்காரர் நபோர் கையில் அப்போதுதான் பறித்துக் கட்டிய காகிதப்பூ மாலையோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

எல்லாம் அவர் கேட்ட ஒரு கேள்வியால் வந்தது. சல்தீயோ நகரத்திலிருந்து கடல் பார்க்கக் கிளம்பியவர்கள் இவர்கள். வழியில் இந்த ஊரின் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் எவரார்தோ காரைத் திருப்பினார். ஏன் என்று ஒதிலியா கேட்கவில்லை. கல் பாவிய தெருவில் குலுங்கிக் குலுங்கி மதியம் வந்து இறங்கியதும், “முன்னாடி வந்திருக்கீங்களா? தேனிலவுக்கா?” என்று நபோர் சும்மா கேட்டுவைத்தார். இருவரும் ஒரே மூச்சில் “ஆமா” என்றார்கள். சொல்லிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த விடுதியில் நபோரின் அப்பா காலத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு. தேனிலவுக்கு வந்துபோனவர்கள் மறுபடி வந்தால், அன்றைக்குத் தங்கிய அதே அறையைத்தான் கொடுப்பார்கள். கதவில் மாலை மாட்டி, சாவியை இருவர் கையிலும் சேர்த்து வைப்பார்கள். இன்று இரண்டு அறைகளும் காலி. மாலைதான் ஒன்று.

“நீங்க உக்காருங்க ஒதிலியா. கால் வலிக்கும்,” என்று எவரார்தோ நாற்காலியை இழுத்துப் போட்டார்.

நபோர் சிரித்தார். “இந்த வயசுலயும் பொண்டாட்டிய ‘நீங்க’ன்னு கூப்பிடற மனுஷன இப்பத்தான் ஐயா பாக்கறேன். என் பொண்டாட்டி கேட்டா என்னை உயிரோட விடமாட்டா. சரி, அடையாளம் சொல்லுங்க. யார் சொல்றது நிஜம்னு நான் பாக்கறேன்.”

எவரார்தோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“மழை,” என்றார் பிறகு. “கூரை மூணு இடத்துல ஒழுகிச்சு. உங்கப்பா மூணு வாளி கொண்டுவந்து வச்சாரு. அந்தச் சத்தத்துல எங்க தூங்கறது? சொட்டு விழற தாளத்துக்கே விடிய விடிய பாட்டு. பக்கத்து அறைக்காரன் சுவத்தைத் தட்டினான். திட்டப் போறான்னு பாத்தா, இன்னொரு தரம் பாடச் சொல்றான்!”

நபோர் ஒதிலியாவின் பக்கம் திரும்பினார். “அம்மா, அந்தப் பாட்டுல ஒரு வரி?”

“எனக்கா? நான் வாயத் திறந்தா கோயில் பாட்டுக்காரங்க ரெண்டடி தள்ளி நிப்பாங்க.”

“அப்ப ஐயா கனவு கண்டிருக்காரு. நீங்க சொல்லுங்க.”

ஒதிலியா எவரார்தோவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இன்னும் அந்த மழையிலேயே இருந்தார். அதைக் கலைக்க அவளுக்கு மனமில்லை. ஆனாலும் சொல்ல ஆரம்பித்ததும் அவளால் நிறுத்த முடியவில்லை.

“மழையெல்லாம் இல்ல, நல்ல வெயில். மரம் பூரா பூ. ஜன்னல் வழியா படுக்கையிலயே கொட்டும். காலையில அதை அள்ளி என் செருப்புக்குள்ள போட்டு வச்சாச்சு. நான் தெரியாம காலை விட்டுட்டேன். அதுக்கு ஒரு சிரிப்பு பாருங்க... முற்றத்துல மேய்ஞ்ச கோழியெல்லாம் பறந்துபோச்சு.”

“ஐயா, பெரிய குறும்புக்காரரா இருந்திருக்கீங்க!”

எவரார்தோ தொப்பியின் விளிம்பைத் தடவினார். அவர் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. புதிதாக ஒன்றைக் கேட்ட குழந்தையின் கவனம்தான் இருந்தது.

“மாதா சத்தியமா சொல்றேன்,” என்றார் நபோர். “மழைக்காலத்துல எங்க ஆரஞ்சு மரம் பூத்ததே இல்ல. ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு மூளை கழண்டிருக்கு. சீக்கிரம் முடிவு பண்ணுங்க. பூ வாடுது.”

கூரை மேல் ஒரு புறா நடந்துபோகும் சத்தம் கேட்டது.

ஒதிலியா யோசித்தாள். மாடி அறை என்றால் அவர் இன்று முழுக்கக் கூரையையே பார்த்துக்கொண்டு கிடப்பார். கீழ் அறை என்றால் அவள் ஜன்னலை. ஒரே கட்டிலில் படுத்தும் ஆளுக்கொரு ஊரில் இருப்பார்கள். கடலுக்கு இன்னும் ஒரு நாள் பயணம் இருக்கிறது. இங்கே பிரிந்துவிட்டால் கடற்கரையிலும் பிரிந்தேதான் நிற்பார்கள். விட்டுக்கொடுக்க இருவருமே தயார்தான். ஆனால் யார் விட்டுக்கொடுத்தாலும் அது தெரிந்துபோகும்.

அவள் கையை நீட்டி அவர் முழங்கையைத் தொட்டாள்.

“தம்பி, நாங்க ரெண்டு பேருமே தங்காத அறை ஏதாவது இருக்கா?”

நபோர் தலையைச் சொறிந்தார். “பின்பக்கம் ஒண்ணு கிடக்கு. ஜன்னலைத் திறந்தா துணி துவைக்கிற தொட்டிதான் தெரியும். அதையா கேக்கறீங்க?”

“அதேதான்,” என்று எவரார்தோ எழுந்துவிட்டார். அவர் குரலில் அவ்வளவு நிம்மதியை ஒதிலியா இதற்குமுன் கேட்டதில்லை.

“வழக்கம் கெட்டுப்போச்சே!” என்று முனகியபடி நபோர் முன்னே நடந்தார்.

இருவர் நினைவும் பிசகவில்லை. மாடி அறையில் பாடிய அம்பாரோவை எவரார்தோ அடக்கம் செய்து ஆறு வருடம் ஆகிறது. செருப்புக்குள் பூவைப் போட்ட லிசாந்த்ரோ போய்ச்சேர்ந்து ஒன்பது வருடம். எவரார்தோவுக்கும் ஒதிலியாவுக்கும் கல்யாணமாகி அன்றைக்கு மூன்றாம் நாள்.