பாதி விலைக்கு விற்றவர்

“பாதி விலைக்கா விக்கப் போறீரு? தலைக்குச் சொகமில்லியா?” என்று கேட்டார் மகேஷ்குமார்.

கருங்கல் சந்தைக்கு எதிர் மாடியில், பங்குகளை வாங்கி விற்றுக்கொடுக்கும் அலுவலகம் அவருடையது. முன்னால் உட்கார்ந்திருந்த ததேயுஸ், துபாயில் இருபது வருடம் வெல்டராக இருந்துவிட்டுத் திரும்பியவர்.

“வித்துப்போடும்” என்றார் ததேயுஸ்.

வீட்டின் ஒழுகுகிற ஓட்டுக்கூரையைப் பிரித்துக் கான்கிரீட் போட வைத்திருந்த பணம் அது. கடைகளுக்கு பில் போடும் சாப்ட்வேர் செய்கிற ஒரு கம்பெனியின் பங்குகளில் போட்டிருந்தார். நன்றாகத்தான் ஏறிக்கொண்டிருந்தது.

அந்தக் கம்பெனிக்கு பில் மெஷின் செய்து கொடுப்பது திருவனந்தபுரத்திலுள்ள ஒரு சின்னக் கம்பெனி. பெரியது சின்னதையே விலைக்கு வாங்கப் புறப்பட்டது. வாங்கினால் தங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அங்கே வேலை செய்கிறவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். தடை கிடைத்தது. இரண்டே வாரத்தில் பங்கு பாதியாகிவிட்டது.

மகேஷ்குமார் பொறுமையாக எடுத்துச் சொன்னார். திங்கட்கிழமை விசாரணை. வழக்கு தள்ளுபடியானால் பங்கு பழைய விலைக்கு ஏறிவிடும். இன்று வியாழன். நாலு நாள் பொறுக்க முடியாதா?

ததேயுஸ் தலையை ஆட்டி மறுத்தார்.

மகேஷ்குமாருக்குச் சட்டென்று ஒன்று நினைவுக்கு வந்தது. வழக்குப் போட்டவர்களில் ஒருத்தி ஜிஷா. ததேயுஸின் பக்கத்து வீட்டுப் பெண்.

குரலைத் தாழ்த்தினார். “அந்தப் பிள்ள உள்விஷயம் ஏதும் சொன்னாளோ?”

ததேயுஸ் போனுக்கு வந்த ஓ.டி.பி.யை வாசித்துக் காட்டிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அது போதாதா? விஷயம் பரவி, மறுநாள் அதே பங்கை வைத்திருந்த மீன் வியாபாரி ஜெப்சன் விற்றார். மருந்துக்கடை ராஜகுமார் விற்றார். கடைசியில் மகேஷ்குமாரும் தன்னுடையதை விற்றார். மொத்தம் பதினொரு பேர்.

வீட்டில் ததேயுஸின் மனைவி பேபி, இந்த மழைக்கும் கட்டிலுக்கு மேலே குடை பிடித்துக்கொண்டு தூங்கும்படி அவருக்கு யோசனை சொன்னாள்.

திங்கட்கிழமை கோர்ட்டில் யாரும் தோற்கவில்லை. யாரையும் வேலையிலிருந்து அனுப்ப மாட்டோம் என்று பெரிய கம்பெனி எழுதிக் கொடுத்தது. வேலைக்காரர்கள் வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் பங்கு பழைய விலையையும் தாண்டிவிட்டது.

அன்று மாலையே மகேஷ்குமாரும் ஜெப்சனும் ஒரே பைக்கில் வந்து இறங்கினார்கள்.

ததேயுஸ் முற்றத்தில் உட்கார்ந்து முந்திரிக்கொத்து தின்றுகொண்டிருந்தார். வழக்கு நல்லபடியாக முடிந்ததற்கு ஜிஷா வீட்டிலிருந்து வந்த பலகாரம். வந்தவர்களிடமும் தட்டை நீட்டினார்.

ஜெப்சன் தொடவில்லை. “உம்ம நம்பித்தான் அண்ணே நாங்களும் வித்தோம். சொல்லும், அந்தப் பிள்ள உம்மட்ட என்ன சொன்னா?”

“அவ ஒண்ணும் சொல்லல்ல.”

“பின்ன என்னத்துக்கு வித்தீரு?”

ததேயுஸ் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். தெருவிலுள்ள குடும்பங்களெல்லாம் வாரம் ஒருநாள் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டம், அவர் விற்றதற்கு முந்தின நாள் அவர் வீட்டில்தான் நடந்ததாம்.

“நாந்தானே ஜெபம் சொல்லணும்? பிள்ளைக்க கேஸ் ஜெயிக்க ஜெபிக்கணும்னு அவளுக்க அம்மை சபிதா கேட்டா. நானும் எல்லாருக்கும் கேக்கும்படி சத்தமாத்தான் ஜெபிச்சேன்.”

“அதுக்கும் பங்க விக்கதுக்கும் என்ன?” என்றார் மகேஷ்குமார்.

ததேயுஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஜெபம் சொல்லிட்டிருக்கும்போதே உள்ளுக்குள்ள, ‘ஆண்டவரே, இது மட்டும் உமக்க காதுல விழப்பிடாது’ன்னு நெனச்சிட்டேன் மக்கா.”