சரிவிலிருந்து வந்த சமிக்ஞை

“குறுக்கே போனா அஞ்சு நிமிஷம்தான்கா, குடில் அதோ—”

“நேத்து பூரா காத்து பனியைக் கொண்டாந்து குவிச்சிருக்கு, போறானாம்! உன் பொண்டாட்டிக்கு நானா பதில் சொல்றது?”

பனிச்சரிவின் விளிம்பில் பனிச்சறுக்குக் கட்டைகளோடு நின்று லடீனாவும் அவள் தம்பி ஃப்ளூரினும் கத்திக்கொண்டிருந்தபோது, அவன் மார்பில் கட்டியிருந்த கருவி கூவியது. பனியில் புதைந்தவர்களை, அவர்கள் மார்பிலுள்ள இதே போன்ற கருவி அனுப்பும் சமிக்ஞையைப் பிடித்துத் தேடும் கருவி. காலையில் சோதித்துப் பார்த்தவன், தேடும் நிலையிலிருந்து சமிக்ஞை அனுப்பும் நிலைக்கு அதை மாற்ற மறந்திருந்தான்.

“கழுதை, இப்படியேவா ஏறி வந்தே?” என்று திட்ட வந்தவள் திரையைப் பார்த்து அடங்கினாள். அவளுடைய கருவி இரண்டு மீட்டரில். இன்னொன்று நாற்பது மீட்டரில், சரிவின் நடுவில். அங்கே ஒரு தடம்கூட இல்லை.

“யாரோ புதைஞ்சிருக்காங்க. விடுக்கா, தோண்டணும்!”

அவள் அவனது பையைப் பிடித்து இழுத்தாள். “புதைஞ்சவங்க நகர மாட்டாங்கடா. நம்பரைப் பாரு.”

முப்பது. இருபது. பத்து. ஆள் நடக்கும் வேகம். அது இருவருக்கும் நடுவே வந்தது, கடந்தது, பின்னாலிருந்த முகட்டை நோக்கி ஏறியது. திரும்பிப் பார்த்தார்கள். வெயில் மட்டும்தான் இருந்தது.

அப்போது மலை பெருமூச்சு விட்டது. லடீனாவின் கட்டை நுனிக்குச் சாண் தூரத்தில் பனியில் ஒரு கோடு கிழிந்து மறுமுனைவரை ஓடியது. சரிவிலிருந்த பனி முழுவதும் ஒரே பலகையாகக் கிளம்பி, பள்ளத்தாக்கை நிரப்பியபடி இறங்கியது. வெண்புகை வெயிலில் மின்னிக்கொண்டு அவர்கள் தலைக்கு மேல் எழுந்தது. தேவாலயத்தில் நிற்பவர்களைப்போல இருவரும் குல்லாயைக் கழற்றினார்கள்.

ஃப்ளூரின் திரையைப் பார்த்தான்.

“அக்கா, முகட்டுல நின்னுடுச்சு. நமக்காகத்தான் காத்துட்டிருக்கு போல.”