ஒயர் செருகாத ட்ரம்ஸ்

டைட்டஸ் வாசித்துக்கொண்டிருந்த எலக்ட்ரானிக் ட்ரம்ஸ் பேடின் ஒயர் எதிலும் செருகாமல் கீழே கிடந்தது.

பாடகர் குழுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மகள் ஜெனிஃபாவின் கண்ணில் அது பட்டபோது, சர்ச் முழுக்க ட்ரம்ஸ் முழங்கிக்கொண்டிருந்தது. அப்பா குச்சியை ஓங்கி ஓங்கித் தட்டுகிறார். சத்தம் வருவதோ கீபோர்டு வாசிக்கும் வில்சனின் லேப்டாப்பிலிருந்து!

ஆராதனை முடிந்து ஜனங்கள் கலைந்ததும் வில்சனைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாண்ணா இது? எங்கப்பாவ பொம்மையாட்டம் உக்கார வச்சிருக்கீங்க?"

வில்சன் சுற்றுமுற்றும் பார்த்தான். "மெதுவா பேசு ஜெனி."

"இன்னாத்துக்கு மெதுவா? அவரு வாசிக்கறது புடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லணும். இவ்ளோ பேர் முன்னால இப்படியா ஏமாத்துவாங்க?"

"ஏமாத்தச் சொன்னதே உங்கப்பாதான்."



வில்சன் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான். திரையில் கட்டம் கட்டமாக ட்ரம்ஸ் அடிகள்.

"எங்க வீட்டுக்கு வந்து எந்தப் பாட்டுல எங்க அடி விழணும்னு வாயாலயே தாளம் போட்டுக் காட்டுவாரு. நா சாஃப்ட்வேர்ல போடுவேன். ரொம்ப சுத்தமா இருந்தா உங்கம்மா கண்டுபுடிச்சிடுவாங்கன்னு, சில அடிய வேணும்னே கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்வாரு."

போன வருஷம் ஆம்பூர் தோல் ஃபேக்டரி ஒன்றில், மெஷினில் மாட்டியது டைட்டஸின் வலது கை. காய்ச்சலில் சுருண்டு கிடந்தவரை எழுப்பி ஓவர்டைமுக்கு அனுப்பி வைத்தது அவர் மனைவி கிருபாதான். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. "நாந்தானே அனுப்பினேன்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

வேலூர் பாகாயத்தில் நர்ஸாக இருக்கும் ஜெனிஃபாவுக்குத் தெரியும். நரம்பு செத்த கை அது. குச்சியைப் பிடிக்கலாம், நினைத்த இடத்தில் அடி விழாது. அதனால்தான், "அப்பா மறுபடியும் ட்ரம்ஸ் வாசிக்கறாருடி" என்று அம்மா போனில் சொன்னதை நம்ப முடியாமல் லீவு போட்டு வந்திருந்தாள்.

"அம்மாவுக்காகவா?"

"கை சரியாயிடுச்சுன்னு நம்பினாத்தான் அவ பொழைப்பான்னு அழுதாரு. நா இன்னா பண்ணட்டும், சொல்லு."

வெளியே வேப்பமரத்தடியில் டைட்டஸ் எல்லாருக்கும் இடது கையை ஆட்டி விடை கொடுத்துக்கொண்டிருந்தார். வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஜெனிஃபா சமையலறைக்குப் போனாள். வராத சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள்.

"அப்பா கை இப்ப நல்லாயிடுச்சும்மா. இன்னைக்கு இன்னா போடு போட்டாரு, பாத்தியா?"

குழம்பைக் கிளறிக்கொண்டிருந்த கிருபாவின் கை நின்றது. கூடத்தை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நீயுமாடி? அவரு அசந்து தூங்கறப்ப அந்த விரலக் கிள்ளிப் பாக்கறேன். மரக்கட்டையாட்டம் கெடக்குது."

"அப்புறம் ஏம்மா ஒண்ணும் தெரியாத மாதிரி இருக்கே?"

"நா நம்பிட்டேன்னு நெனச்ச பிறகுதாண்டி அந்த மனுஷன் தூங்கவே ஆரம்பிச்சாரு."