அண்ணன் கையில் கண்ணாடி

தங்கைக்கு இடக்கண் போயே போய்விட்டது. மிஞ்சியிருக்கும் வலக்கண்ணில் நர்ஸ் சொட்டு மருந்து விடுகிறாள். உள்ளே நீர் வடியும் மூலை அடைத்துக்கொண்டு அழுத்தம் ஏறிவிட்டதாம், தையல்கூட இல்லாமல் சின்னத் துளை வழியாகத் திறந்துவிடப் போகிறார்கள். விளக்கைச் சுற்றி வானவில் வளையம். பக்கத்தில் தங்கையின் மூக்குக்கண்ணாடியைப் பத்திரமாகப் பிடித்தபடி அண்ணன். "வீட்டுல வேற யாருக்காவது இந்தக் கண் அழுத்தம் இருக்கா?" என்று நர்ஸ் கேட்கிறாள். "எனக்கு இருந்துச்சு. இங்கேதான் ஆபரேஷன் பண்ணாங்க," என்கிறான். அப்போது வேளை தவறாமல் அவன் கண்ணில் மருந்து விட்டவள் இந்தத் தங்கைதான். நர்ஸ் கம்ப்யூட்டரைத் தட்டுகிறாள். "கூடப்பிறந்தவங்க, பிள்ளைங்க எல்லாரையும் கூட்டிட்டு வரச் சொல்லி நாலு வருஷம் ஆச்சே. உங்க பசங்க ரெண்டு பேரும் மறுநாளே வந்து காட்டியிருக்காங்க." அவன் கண்ணாடியை மறு கைக்கு மாற்றுகிறான். "மறந்தே போச்சும்மா." ஆபரேஷன் அறைக் கதவு திறக்கிறது. அவன் நீட்டும் கையை விட்டுவிட்டு அவள் நர்ஸின் தோளைப் பற்றுகிறாள். "அவர்கிட்ட இருக்கிற கண்ணாடியை வாங்கி நீங்களே வெச்சுக்கங்க, சிஸ்டர்."