பாறை இருந்த இடத்தில் முள்புதர்

பாறை வழி இருக்க வேண்டிய இடத்தில் அவன் முள்புதரை வரைந்தான்.

வரைந்துவிட்டு ஒருமுறை வாசலைப் பார்த்துக்கொண்டான்.

இருபத்திரண்டு வருஷமாக சர்வேயர். எவர் வயலிலும் ஒரு அடி கூட்டியதில்லை, குறைத்ததில்லை. வற்றிப்போன கிணற்றைக்கூட விடாமல் படத்தில் குறிக்கிறவன். அப்பேர்ப்பட்டவன் ஒரு பாதையையே விழுங்கிவிட்டான்.

மனைவி கேட்ட வரைபடம் அது. அவள் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் ஏழு பேர் அரையாண்டு விடுமுறையில் தீவுக்குப் போகிறார்கள். இரண்டு நாளும் நடைதான். எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே நிழல், எந்தப் பாதையில் போனால் இருட்டுவதற்குள் படகுத்துறைக்குத் திரும்பலாம் என்று எல்லாம் வேண்டுமாம்.

அவனுக்குத் தெரியும். கல்யாணமான வருஷம் இரண்டு பேரும் போய் வந்த தீவு.

குடும்பத்தோடு வரலாம் என்றுதான் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். "நான் எதுக்கு நொண்டிக்கிட்டு? நீ போய்ட்டு வா" என்று பெருந்தன்மையாகச் சொன்னவன் அவனேதான். ஜூன் மாதம் வரப்பில் சறுக்கி முழங்கால் ஜவ்வு கிழிந்ததிலிருந்து, மாடிப்படியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

அந்தப் பெருந்தன்மை மூன்று நாள் தாங்கியது.

நான்காம் நாள் பெயர்ப் பட்டியலைப் பார்த்தான். ஐந்தாவது பெயர் ஜெபசிங். பி.டி. மாஸ்டர்.

முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. கழுத்தில் விசில். கெண்டைக்கால் இரண்டும் கடைந்து வைத்தது மாதிரி. ஆண்டு விழாவில், அவள் மேடையேறிப் பரிசு கொடுத்த நேரம் முழுக்க அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆள். படகும் தங்குமிடமும் பேச வேண்டும் என்று போன மாதமே தீவுக்கு ஒரு நடை போய் வந்தாயிற்று. அவ்வளவு சுறுசுறுப்பு.

வயிறு எரிந்தது. இதில் கௌரவமாகச் சொல்ல ஒன்றுமில்லை. நன்றாகவே எரிந்தது.

தீவின் வடகரையில் ஆளுயரப் பாறை ஒன்று வழியை மறித்து நிற்கும். அதில் ஏறினால்தான் கலங்கரை விளக்கம். படி கிடையாது. முதலில் ஒருவர் தொற்றி ஏறி, மேலே மண்டியிட்டு, கீழே இருப்பவருக்குக் கை நீட்ட வேண்டும்.

அன்று அவன் நீட்டினான்.

அவள் பிடித்தாள். ஏறி முடித்த பிறகும் விடவில்லை. கலங்கரை விளக்கம் வரைக்கும் விடவில்லை. உள்ளங்கை வியர்த்து வழுக்கியது. மாற்றிப் பிடித்துக்கொண்டாளே தவிர, விடவில்லை.

அந்த இடத்தில் இனி இன்னொரு கை நீளும்.

மண்டியிட்ட ஜெபசிங். காற்றில் ஆடும் விசில்.

அதற்குத்தான் முள்புதர்.

அவள் காப்பியோடு வந்தாள். தலைக்குக் குளித்து, ஈரத்துண்டைச் சுற்றியிருந்தாள். டம்ளரை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். விரல் படகுத்துறையில் கிளம்பி, கரையோரமாகவே நடந்து, முள்புதரில் வந்து நின்றது.

"வத்துன கிணத்தக்கூட விடமாட்டீங்க. பாறை வழி எங்க?"

"இடிஞ்சுபோச்சாம்."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய். டம்ளரை எடுத்து அதை மறைத்துக்கொண்டான்.

அவள் பென்சிலை எடுத்து, புதரின் குறுக்கே புள்ளி புள்ளியாகக் கோடு போட்டாள். ஒற்றையடிப் பாதைக்குப் புள்ளிக்கோடு. பதினேழு வருஷம் ஒரு சர்வேயரோடு குடித்தனம் நடத்தினால் இதெல்லாம் வந்துவிடும். பக்கத்தில் இரண்டு வரி எழுதினாள். கரும்பலகையில் எழுதுகிற அதே அழுத்தம். பென்சிலை வைத்துவிட்டு, முடி காயவைக்க மொட்டைமாடிக்குப் போய்விட்டாள்.

அவன் படித்தான்.

'கயிறு கட்டியிருக்கு.'

கயிறா?

அவர்கள் போனபோது கயிறு கிடையாது. இவளுக்கு யார் சொன்னது?

வேறு யார். போன மாதம் போய் வந்த ஆள்.

அப்படியானால் ஜெபசிங்கிடம் பேசியிருக்கிறாள். அந்தப் பாறையைப் பற்றி. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே. கை மாற்றிப் பிடித்ததையும் சொல்லியிருப்பாளோ?

அடுத்த வரிக்கு அவன் போகவே இல்லை. ரப்பரை எடுத்துத் தேய்த்தான். இரண்டு வரியும் போயின. துகளை ஊதினான்.

ஊதிய பிறகும் தாளில் தடம் இருந்தது. அவள் அழுத்தம் அப்படி.

பழைய கிராமப் படங்களில் யாராவது எல்லைக்கோட்டை அழித்திருந்தால், தாளை சன்னலோரம் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பது அவன் வழக்கம். பென்சில் போனாலும் பள்ளம் போகாது. கை தன் பாட்டுக்கு அதைச் செய்தது. காலை வெயில் தாளின் மேல் சாய்வாக விழுந்தது. இரண்டாவது வரி எழுந்து வந்தது.

'மெதுவா நீங்களும் ஏறிடலாம். கேட்டுட்டேன்.'

மாடியில் அவள் துண்டால் முடியைத் தட்டும் சத்தம் கேட்டது.

அவனுக்கு வெட்கமாக இருந்தது. முழங்காலைத் தடவிக்கொண்டான்.

பிறகு பென்சிலைச் சீவினான். அவள் இறங்குவதற்குள் முடிக்க வேண்டும். அவள் எழுதிய தடத்திலேயே, எழுத்து எழுத்தாக, சுழி பிசகாமல் ஓட்டினான். முதலில் 'நீங்களும்'. அப்புறம் அந்த வரியில் மற்றதெல்லாம். முள்புதரை அழித்தான். பாறையை அதன் இடத்தில் வைத்தான்.

மேல் வரி மட்டும் பாக்கி.

'கயிறு' என்ற இடத்தில் கை கொஞ்சம் அழுத்திவிட்டது. பென்சில் முனை ஒடிந்தது.