பின் சீட்டில் மூன்று பேர்

கௌதம் காருக்கு ஆசையாய்ப் பெரிய அலாய் வீல் மாட்டிய அன்றே, எடை கூடினால் டயர் பாடியில் உரசும், பின் சீட்டில் யாரையும் ஏற்றக்கூடாது என்று மனைவி தமிழ்செல்வியிடம் சொல்லிவிட்டான். ஆனாலும் பின் டயர்கள் உரசின. இருவரும் ஓசூர் மெக்கானிக் முனிராஜிடம் போனார்கள்.

முனிராஜ் டயருக்கு மேலே டார்ச் அடித்துப் பார்த்தார். "காலி வண்டியில உரசாதுங்க சார். பின்னாடி மூணு பேர் உக்காந்தாத்தான் இப்படித் தேயும்."

தமிழ்செல்வி தலை குனிந்தாள். "நான்தாங்க. திங்கக்கிழமை காலையில நீங்க தூங்குறப்ப, படியேற முடியாத நம்ம தெரு அம்மாங்க மூணு பேரைப் பின்னாடி உக்கார வச்சு மலைக்கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன். திட்டுவீங்கன்னு சொல்லல."

கௌதம் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான்.

"வாரத்துல ஒரு நாளுக்கு இவ்வளவு தேயாதுங்க அக்கா" என்றார் முனிராஜ். "இது தினமும் ஆள் ஏத்துன வண்டி."

கௌதம் பிடரியைச் சொறிந்தான். "அது நான்தான். ரெண்டாம் ஷிப்டுக்குப் போறப்ப, வெயில்ல நடந்து வர்ற எங்க கம்பெனி ஒடிசா பசங்க மூணு பேரைப் பின்னாடி ஏத்திக்குவேன். உனக்குச் சொல்லிட்டு நானே மீறுறேன்னு வெக்கமா இருந்துச்சு."

தமிழ்செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆள் ஏத்துறத நிறுத்துங்க, இல்லன்னா பழைய வீலை மாட்டணும் சார்" என்றார் முனிராஜ்.

"பழசையே மாட்டுங்க" என்றான் கௌதம். "திங்கக்கிழமைக்குள்ள முடிஞ்சிடும்ல?"