விதை தொடாத ரத்தம்

“உங்க மேடத்துக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா?”

மனைவியின் விரல் நுனிகளில் ஊசி குத்திய தடங்களைப் பார்த்ததும் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எங்க லேப்ல எல்லாரும் ரத்தம் குடுப்போம்ங்க. ரெண்டு சொட்டுதானே.”

“எல்லாரும் நிறைமாசமாவா இருக்காங்க?”

அவள் சிரித்தாள். ஆனால் முகத்தில் தெளிவில்லை.

வேலியோர முட்செடி ஒன்றின் விதைதான் அவள் ஆராய்ச்சி. விதையை அரைத்து உப்புநீரில் ஊறவைத்து, சர்க்கரை ஏற்றிய மணிகள் நிரம்பிய குழாயில் ஊற்றுவாள். மற்றதெல்லாம் வடிந்துபோகும். ஒரே ஒரு புரோட்டீன் மட்டும், எறும்பு மாதிரி சர்க்கரையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். அதைப் பிரித்தெடுத்து ஓ குரூப் ரத்தத்தில் விட்டால், ரத்த அணுக்களைக் கொத்தாகச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். அவள் ரத்தம் ஓ குரூப்தான். ஆனாலும் சேர மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது.

“புரோட்டீன் கெட்டுப்போச்சு, மறுபடியும் பண்ணுன்னு மேடம் திட்டுறாங்க. லீவு போடறதுக்குள்ள முடிக்கணும்.”

“நல்லா இருக்கு நியாயம்.”

“அது போதாதுன்னு எங்க அண்ணனைப் பத்தி வேற கேட்டாங்க. எங்க இருக்கார், ஏன் பேசறதில்லைன்னு துருவித் துருவி...”

அந்தப் பேச்சை எடுத்தாலே அவனுக்கு ஆகாது. இவர்கள் கல்யாணத்தோடு, தங்கையே இல்லை என்று தலைமுழுகிவிட்டுப் போனவர் அந்த அண்ணன்.

மறுநாள் அவளை வீட்டில் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு, நேராக லேபுக்கே போய் நின்றான்.

மேடம் குளிர் அறையிலிருந்து ஸ்வெட்டரோடு வெளியே வந்தார்.

“நிறைமாசப் பொண்ணுகிட்ட ரத்தம் கேக்க எப்படிங்க மனசு வருது? எங்க குடும்ப விஷயம் வேற உங்களுக்கு எதுக்கு?”

மேடம் கோபப்படவில்லை. வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“இது என் ரத்தம். ஓ குரூப். உங்க மனைவி பிரிச்ச புரோட்டீன்ல ஒரு சொட்டு விட்டேன், பாருங்க.”

அணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, குழி முழுக்கச் சிவப்பாகப் படலம் விரிந்திருந்தது.

“இது உங்க மனைவியோடது.”

அந்தக் குழியில் அணுக்கள் பிடிப்பில்லாமல் சரிந்து, அடியில் ஒரு சிவப்புப் புள்ளியாக மட்டும் உட்கார்ந்திருந்தன.

“அப்ப, புரோட்டீன் கெட்டுப்போகலையா?”

“சொக்கத் தங்கம். ரத்தம்தான் வேற. ஓ குரூப் அணு மேல ஒரு சர்க்கரை இருக்கும். இந்த விதை அதைத்தான் பிடிக்கும். உங்க மனைவி ரத்தத்துல அது இல்லை. ரொம்ப ரொம்ப அபூர்வம். சாதாரண டெஸ்ட்ல ஓ மாதிரியே காட்டும். பிரசவத்துல தேவைப்பட்டு ஓ ரத்தத்தை ஏத்தியிருந்தா உயிருக்கே ஆபத்து.”

அவன் மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

“அவகிட்ட ஏன் சொல்லலை?”

“வெறும் சந்தேகத்தைச் சொல்லி நிறைமாசக்காரியைப் பயமுறுத்தவா? திட்டினா என்மேல கோபப்படுவா, அவ்வளவுதானே. ரத்த வங்கியில இன்னிக்குத்தான் உறுதி பண்ணாங்க. டாக்டருக்குச் சொல்லியாச்சு. இன்னிக்கே அவங்க அவகிட்ட பேசுவாங்க.”

அவன் தட்டை வாங்கி மறுபடியும் பார்த்தான். ஆடுகூட வாய் வைக்காத முட்செடி. ஓ குரூப் என்று எழுதிவைத்த ஆஸ்பத்திரி அட்டைக்குத் தெரியாதது அதன் விதைக்குத் தெரிந்திருக்கிறது. அவனுக்கு உடம்பு சிலிர்த்தது.

“விதைக்கு எப்படி மேடம் தெரியும்?”

“நானும் வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்.”

“இப்ப அவளுக்கு ரத்தம் தேவைப்பட்டா?”

“இதே ரத்தம்தான் ஒத்துக்கும். கூடப்பிறந்தவங்ககிட்ட இருக்க வாய்ப்பு உண்டு.”

“அவ அண்ணன் வர மாட்டார் மேடம். எங்க வாசப்படியை மிதிக்கமாட்டேன்னு சொல்லிட்டுப் போனவர்.”

மேடம் தட்டின் கடைசிக் குழியைத் தொட்டுக் காட்டினார். அங்கேயும் படலம் இல்லை. ஒரு சிவப்புப் புள்ளி.

“இது யாரோடது?”

பக்கத்து அறைக் கதவு திறந்தது. ரத்த வங்கியில் ஒட்டிய பிளாஸ்திரியை முழங்கை மடிப்பில் அழுத்திப் பிடித்தபடி மனைவியின் அண்ணன் நின்றிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கட்டும்” என்றார். “பொறந்ததும் ஒரே ஒரு தடவை குழந்தையை என்கிட்ட காட்டுவீங்களா, மாப்ள?”